பதினாலாம் தேதி வாய்தாவுக்கு முன்

இராஜபாளையம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள ஹஸீனாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் வீட்டுக்காரன் ரவூப் எழுதுவது. தினமும் போனில் பேசுகிறவனுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனை எடுத்தால் உன் குரல் வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு எனக்குச் சொல்ல வருவதில்லை.

நாலாவது கீமோவுக்குப் பிறகு கஞ்சியாவது இறங்குகிறதா? திருவனந்தபுரத்து மீன்குழம்பு வாடையே உனக்கு ஆகவில்லை என்று உன் தம்பி ரஃபீக் சொன்னான். அவன் வீட்டில் எது வேண்டுமோ கேட்டு வாங்கிக்கொள், கூச்சப்படாதே. நம் ஃபஸீலாவுக்குக் காலாண்டுப் பரீட்சை முடிந்துவிட்டது. ரசம் வைக்கப் பழகிவிட்டாள். உப்பு ஒருநாள் இருக்கிறது, ஒருநாள் இல்லை. கேட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள், அப்படியே உன்னைப் போல.

இனி கேஸ் விஷயம். வியாழக்கிழமை தறிக்கு லீவு சொல்லிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனேன். ஊரெல்லாம் பால்கோவா வாங்கப் போகிற ஊருக்கு நான் வாய்தா வாங்கப் போய்வருகிறேன். புற்றைச் சாதாரணக் கட்டி என்று விட்டுவிட்டார்கள் என்று நாம் போட்ட கேஸுக்கு இந்தத் தடவை ஆஸ்பத்திரிக்காரர்கள் பதில் போட்டுவிட்டார்கள். நம் வக்கீல் பாண்டிதுரை படித்துக் காட்டினார். உன் மார்பிலிருந்து எடுத்த கட்டியைப் பரிசோதனைக்குக் கொண்டுபோகச் சொல்லி என் கையில் கொடுத்தார்களாம், நாம்தான் கொண்டுபோகவில்லையாம். அதற்கு என் கையெழுத்தும் இருக்கிறது. டிஸ்சார்ஜ் அன்று இங்கிலீஷ் காகிதங்களாக நீட்டினார்களே, அதில் ஒன்று. வக்கீல் என்னைப் பார்த்தார். நான் மேலே ஃபேனைப் பார்த்தேன்.

ஹஸீனா, அவர்கள் கொடுத்தது உண்மை.

நர்ஸ் மாரிக்கனிதான் ஒரு சின்ன பாட்டிலில் போட்டுக் கொடுத்தாள். டாக்டர் கை கழுவிக்கொண்டே, "சாதாரணக் கொழுப்புக் கட்டிதான். வேணும்னா மதுரைக்குக் கொண்டுபோய் டெஸ்ட் பண்ணிப் பாருங்க" என்றார். அந்த 'வேணும்னா'வை இப்போது உட்கார்ந்தாலும் நின்றாலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கட்டாயம் என்று சொல்லியிருந்தால் மதுரைக்கு நடந்தே போயிருப்பேன். சாதாரணம் என்று அவர் வாயால் கேட்டதும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. புத்தி வேறு பக்கம் போய்விட்டது. உடம்பிலிருந்து எடுத்ததைக் கண்ட இடத்தில் போடக்கூடாது, மண்ணில் சேர்க்க வேண்டும். வெட்டிய நகத்தைக்கூடப் புதைக்கிற வீட்டில் வளர்ந்தவன் நான். நேரே நம் பள்ளிவாசல் கபர்ஸ்தானுக்குப் போய், மண்வெட்டி வாங்கிக் குழி தோண்டி, பிஸ்மில்லா சொல்லி அடக்கிவிட்டு வந்தேன். நல்ல காரியம் செய்ததாகத்தான் நினைத்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். டெஸ்டுக்குக் கொடுத்தீர்களா மச்சான் என்று நீ கேட்டாய். பயந்துபோய்க் கிடந்தாய். "பாத்தாச்சு, ஒண்ணுமில்லன்னு வந்திருச்சு" என்று சொல்லிவிட்டேன். அக்குளில் நெறி கட்டியிருக்கிறது என்றபோதும் அதையே சொன்னேன். நீயும் நம்பி ஏழு மாதம் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாய். நடுவில் இரண்டு தடவை அதே டாக்டரிடம் காட்டினோம். அவரும் ரிசல்ட் எங்கே என்று கேட்கவில்லை, மாத்திரைதான் எழுதினார். அவர் தப்பு அவரோடு இருக்கட்டும். அந்த ஏழு மாதத்தில் என் பங்கை நான் யார் தலையில் கட்டுவது?

வக்கீல் சுலபமாக ஒரு வழி சொல்கிறார். "பாட்டிலே வாங்கலைன்னு எழுதிக் குடுத்திருங்க பாய். கையெழுத்து படிக்காம போட்டதுன்னு நான் பாத்துக்கிடுதேன்." பதினாலாம் தேதி சத்தியம் செய்து எழுதிக் கொடுக்க வேண்டும், கூப்பிட்டால் நேரிலும் சொல்ல வேண்டும். வியாழக்கிழமையிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நூல் அறுந்தது தெரியாமல் நின்று, தறிக்கூடத்தில் சூப்பர்வைசர் தனுஷ்கோடியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் மாரிக்கனி வீட்டைத் தேடிப் போனேன். டாக்டர் சொன்னது அவள் காதிலும் விழுந்ததுதானே, கோர்ட்டில் வந்து சொல்வாயா என்று கேட்டேன். "வந்தா எனக்கு வேலை போயிரும்ண்ணே. நீங்க முதல்ல உள்ளதச் சொல்லுங்க. பொறவு என்னைக் கூப்பிடுங்க, வாரேன்" என்றாள். வெட்கமாகப் போய்விட்டது.

நேற்று வக்கீலிடம் நடந்ததை நடந்தபடிதான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன். கேஸ் நிற்காது என்று சத்தம் போட்டார். நிற்காவிட்டால் போகட்டும் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? நோவு உன்னுடையது, கேஸும் உன்னுடையது. ஆனால் கோர்ட் தெரிந்துகொள்வதற்கு முன்னால் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

இதை ரஃபீக்கைப் படிக்கச் சொல்லாதே, நீயே படி. படித்த கையோடு போன் செய்ய வேண்டாம். என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் பேசாதே. ஆனால் அடுத்த ஊசிக்குப் போகமாட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதே. என் மேல் உள்ள கோபத்தை மருந்தின் மேல் காட்டாதே. நீ நல்லபடியாக வீடு வந்து சேர்ந்து, தொண்டை நோகும்வரை என்னைத் திட்ட வேண்டும். உன் கோபம் ஆறும்வரை திட்ட வேண்டும். அதற்கு எத்தனை வருஷம் ஆகுமோ, அத்தனை ஆயுளையும் அல்லாஹ் உனக்குத் தரட்டும்.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அப்துல் ரவூப்