நானே எடுத்துப் போட்ட இலை

குமுதா,

ஃப்ளூ ஊசி போட இன்றும் மண்ணூருக்குப் போகிறேன். நேற்று சாப்பிட்டதும் என் இலையை நானே எடுத்துப் போட்டது கோபத்தினால் அல்ல. நாலு நாளாகக் காய்ச்சல்காரர்கள் என் முகத்தில் இருமுகிறார்கள். எனக்கும் தொற்றியிருக்கலாம்; அந்த இலையில் நீ சாப்பிட்டால் உனக்கும் வரும்.

“கல்யாணம் ஆன நாளா உங்க இலையிலதானே சாப்டறேன்? இன்னிக்கு வேண்டாதவளாயிட்டேனா?” என்றாய். களைப்பில் காரணம் சொல்லாமலே போய்ப் படுத்துவிட்டேன். நீ பட்டினியாகப் படுத்தாய். அது என் தப்பு.

இப்போதாவது சாப்பிடு. பதினொரு மணிக்கு நர்ஸ் ரோஸி வருவாள். அடம் பிடிக்காமல் ஊசி போட்டுக்கொள்.

ராகவன்

பி.கு. ராத்திரி இரண்டு இலை போடு, கூடத்தின் இரண்டு கோடியிலும். நீ சாப்பிட்டு நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.