துரையோடு கடலைக் கொல்லைக்குப் போன மாமாவுக்கு

அன்பு மாறாத என் மாமாவுக்கு,

நீங்கள் கண்மூடி ஒரு வருஷம் ஆகிறது. நம் தெருவில் கரண்டு கம்பம் நட்டிருக்கிறார்கள். நீங்கள் பார்க்காத உங்கள் பேத்திக்குப் பத்து மாதம். துரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு வாசலில் எழுந்து நிற்கிறாள். ஆமாம் மாமா, துரை இப்போது நம் வீட்டில்தான் இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பள்ளிப்பட்டிலிருந்து கல்யாணமாகிக் கடம்பத்தூருக்கு வந்த முதல் வாரமே எனக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஓயாத தும்மல், கண்ணில் நீர். புதுத் தண்ணீர் சேரவில்லை என்றார் உங்கள் மகன். துரைதான் காரணம் என்று நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். அத்தை இறந்த நாளிலிருந்து உங்கள் பாயோரத்திலேயே படுக்கும் நாய் அது. வெள்ளையாக இருந்ததால் துரை என்று பேர் வைத்திருந்தீர்கள். அதை இரண்டு நாள் வெளியே கட்டிப்போட்டுவிட்டு, "இன்னாம்மா, இழுப்பு கொஞ்சம் கம்மியாக் கீதா?" என்று கேட்டீர்கள். கம்மியாகத்தான் இருந்தது.

திருவள்ளூர் டாக்டரிடம் நீங்கள்தான் அனுப்பிவைத்தீர்கள். உங்கள் மகன் வெளியே நின்றிருந்தார். டாக்டர் என்னிடம் இரண்டு விஷயம் சொன்னார். நாயின் முடியும் தோல் பொடியும் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வேறு யாருக்காவது கொடுத்துவிட்டால் நல்லது. கொடுக்க மனசில்லை என்றால் வாசலோடு வைத்துக்கொண்டு, வாரம் இரண்டு முறை குளிப்பாட்டி, பாயையும் போர்வையையும் வெந்நீரில் அலசினால் சமாளித்துவிடலாம்.

வீட்டுக்கு வந்து நான் முதல் பாதியைத்தான் சொன்னேன். அதையும் பெரிதாக்கிச் சொன்னேன். "தொரை இங்க இருந்தா நான் பொழைக்கவே மாட்டேன்னுட்டாரு, மாமா."

ஏன் அப்படிச் சொன்னேன்? எனக்கு நாய் பிடிக்காது, அவ்வளவுதான். யாருக்காவது கொடுத்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். நீங்களும் கூடவே கிளம்புவீர்கள் என்று நினைக்கவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு, வேர்க்கடலைக் கொல்லையில் இருக்கும் கிணற்றடிக் கொட்டகைக்குப் புறப்பட்டுவிட்டீர்கள்.

"இன்னா நைனா இது, ஊரு இன்னா பேசும்?" என்று உங்கள் மகன் மறித்தார்.

"பேசட்டும்டா. இந்தப் பொண்ணு மூச்சு உட வேணாவா?"

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒன்றரை வருஷம் அங்கே இருந்தீர்கள். சாப்பாட்டு வேளைக்கு வருவீர்கள், படி ஏறமாட்டீர்கள். முருங்கை மரத்தடியில் துண்டை உதறி, கை கால் கழுவி, அங்கேயே சாப்பிடுவீர்கள். கொஞ்ச காலம் கழித்து துரை ஈரம் சொட்டச் சொட்ட உங்களோடு வர ஆரம்பித்தது. "குளிக்க வெச்சி இட்டுக்கினு வந்தேம்மா" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பீர்கள். நான் குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போய்விடுவேன்.

ஐப்பசி மழையில் மார்ச்சளி கண்டு விழுந்தபோதுதான் உங்கள் மகன் உங்களை வீட்டுக்குத் தூக்கி வந்தார். ஆறு நாள் கிடந்தீர்கள். துரை வாசலில் முனகிக்கொண்டே இருந்தது. "உள்ள உடட்டுமா மாமா?" என்று முதல் தடவையாகக் கேட்டேன். "வேணாம்மா, உனக்கு ஆவாது" என்றீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் அதிகம் பேசவில்லை.

பிரசவத்துக்குப் பிறகு அதே டாக்டரிடம் போனேன். நீங்கள் போய்விட்டதைச் சொன்னதும் வருத்தப்பட்டார். "மூட்டு வலின்னு ஒரு தடவை வந்தாரே. நாயைக் குளிப்பாட்டி வாசல்ல வெச்சிக்கச் சொன்னேனே, உங்க மருமக செய்யுதான்னு கேட்டேன். 'நல்லா செய்யுது டாக்டர், தங்கமான பொண்ணு'ன்னாரு" என்றார்.



அப்படியென்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் மகனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தினமும் நாயைக் குளிப்பாட்டி அழைத்து வந்து மரத்தடியில் நின்றீர்களே, நானாகக் கூப்பிடுவேன் என்றா?

அன்று சாயங்காலமே துரையைக் கொட்டகையிலிருந்து அழைத்து வந்து நான் குளிப்பாட்டினேன். இப்போதும் வாரம் இரண்டு முறை செய்கிறேன். சில நாள் இழுக்கிறது. தாங்க முடியாதபடி ஒரு நாளும் இழுத்ததில்லை.

எதிர்வீட்டு அம்மாள் என்னைப் புகழாத நாளில்லை. உங்கள் மகனும் போன வாரம், "உசுரு போனாலும் போவுதுன்னு எங்க நைனா வளத்த நாய வெச்சிக்கினு கீறியே சரோஜா" என்று சொல்லிக் கண்கலங்கினார். கேட்டுக்கொண்டு நிற்க என்னால் ஆகவில்லை.

மெட்ராஸ் மில்லிலிருந்து இன்று ஆறு மணி வண்டிக்கு வந்துவிடுவார். சாப்பாடு போடும் முன்பே, டாக்டர் சொன்ன இரண்டாம் பாதியையும் சொல்லிவிடுவேன். அவர் என்ன சொல்வாரோ, எத்தனை நாள் என்னோடு பேசாமல் இருப்பாரோ தெரியாது. நீங்கள் எனக்காக அதை மறைத்தது போதும் மாமா. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
நீங்கள் விட்டுக்கொடுக்காத மருமகள்,
சரோஜா