மிஞ்சினதை விற்கலாம்

மில் லேன், யார்க்‌ஷயர்
9 செப்டம்பர் 1987

அன்பு மகள் மாரியனுக்கு,

அப்பா எழுதுகிறேன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை, முழங்கால்தான் மழைக்கு முந்தியே எனக்குத் தகவல் சொல்லிவிடுகிறது. நியூசிலாந்தில் நீயும் மாப்பிள்ளை கோலினும் குழந்தை ரூத்தும் சுகம்தானே? ரூத்துக்கு இருமல் விட்டதா என்று எழுது. அம்மா மாதிரி எனக்கு எழுத வராது என்று உனக்கே தெரியும். அவள் நாலு பக்கம் எழுதி முடித்துவிட்டு "கையெழுத்தாவது போடுய்யா" என்று பேனாவை நீட்டுவாள், நானும் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். இப்போது எல்லாம் நானே எழுத வேண்டியிருக்கிறது, அதனால் முன்னுக்குப் பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்.

சங்கத்திடம் நாம் குத்தகைக்கு வாங்கிய தோட்டத் துண்டைப் பற்றி உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். அம்மா ஜனவரியிலேயே விதைகளை வாங்கி, எதை எந்த வாரத்தில் எந்தப் பாத்தியில் போட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொட்டகைக் கதவில் ஒட்டிவைத்திருந்தாள். மார்ச்சில் அவள் போய்விட்டாள். நீ வந்து பத்து நாள் இருந்துவிட்டுக் கிளம்பிய மறுநாள் நான் அங்கே போய் அந்தத் தாளைப் பார்த்தேன். எனக்கு மண்ணைக் கொத்தத்தான் தெரியும், நடுவதெல்லாம் அவள் வேலை. சரி, அவள் சொன்னபடியே செய்துவிடுவோம் என்று ஒன்று விடாமல் செய்தேன். பீன்ஸுக்கு எப்போதும் போடுவதைவிட இரண்டு வரிசை கூட எழுதியிருந்தாள், பக்கத்திலேயே "மாரியன் வந்தால்" என்று போட்டிருந்தாள். அதையும் நட்டேன்.

ஜூலை கடைசியில் பார், காய்த்துத் தள்ளிவிட்டது. பீன்ஸ், சுக்கினி, பீட்ரூட், முட்டைக்கோஸ், நான் ஒருவன் எத்தனை நாளைக்குத்தான் பீன்ஸே தின்பேன்? பை பையாகக் கட்டித் தெருவில் எல்லோருக்கும் சும்மாக் கொடுத்துப் பார்த்தேன். முதல் வாரம் வாங்கிக்கொண்டார்கள். இரண்டாவது வாரம் நான் பையோடு வருவதைப் பார்த்ததும் எதிர்வீட்டில் திரைச்சீலை மூடிக்கொண்டது. பாவம் கிழவன், உள்ளே கூப்பிட்டு உட்காரவைக்க வேண்டியிருக்குமே என்ற பயம், நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. பிறகுதான் தோட்ட வாசலில் ஒரு மேசையைப் போட்டு, பவுண்டு எடை பத்து பென்னி என்று அட்டையில் எழுதி வைத்தேன். விலை என்று ஒன்றை வைத்ததும் அவர்களே தேடி வந்தார்கள், அதுதான் வேடிக்கை. வந்து பொறுக்கினார்கள், பேசினார்கள். பேக்கரித் தெரு மிஸஸ் ஹெப்வொர்த் ஒரு பீன்ஸை ஒடித்துப் பார்த்துவிட்டு "என்னய்யா இப்படி முத்தவிட்டுட்ட? எனிட் இருந்தா இதை உரக்குழியிலதான் போட்டிருப்பா!" என்று என்னைப் பிடி பிடி என்று பிடித்துவிட்டாள். அம்மா பெயரைச் சொல்லி என்னை யாராவது திட்டி ஐந்து மாதம் ஆகியிருந்தது. அன்றைக்கு எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

அடுத்த துண்டுக்காரர் பீவர்ஸை உனக்கு ஞாபகம் இருக்கும், வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்த உன் பந்தைத் திருப்பித் தராதவர். அவர்தான் தோட்டச் சங்கச் செயலாளரிடம் புகார் கொடுத்தார். "சாப்பாட்டுக்குப் பயிர் வைக்கத்தான் நிலம் குடுத்தாங்க, கடை போடறதுக்கா?" என்று கேட்டாராம். கேட்டதில் தப்பில்லை. விதி அப்படித்தான். வீட்டுக்கு விளைவித்து மிஞ்சினதை விற்கலாம், விற்பதற்கென்றே விளைவிக்கக் கூடாது. மீறினால் துண்டு கைமாறிவிடும், காத்திருப்போர் பட்டியலில் ஆட்கள் நிற்கிறார்கள். செயலாளர் ஸ்டான்லி ஹெய்க் நல்ல மனுஷன், அம்மாவின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவர்களில் ஒருவர். போன ஞாயிறு காலை சங்கக் கூட்டத்துக்கு முன்னால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் என்னைத் தள்ளிக்கொண்டு போய், "வில்ஃப், வீட்ல எத்தனை பேர்னு கேப்பேன். ஒருத்தர்னு சொல்லு, அவ்ளோதான். ஒரு ஆளு இவ்ளோத்தையும் தின்ன முடியாது, அப்போ எல்லாமே மிஞ்சினதுதான். பீவர்ஸ் வாயைத் திறக்க முடியாது" என்று சொல்லிக்கொடுத்தார். நானும் தலையாட்டினேன்.

சங்கக் கொட்டகையில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தோம். ஹெய்க் பதிவேட்டைத் திறந்து, "வில்ஃப்ரெட் ஓல்ட்ராய்ட், உங்க வீட்ல எத்தனை பேர்?" என்று முறைப்படி கேட்டார். நான் மூணு என்றேன். ஒன்று என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன் மகளே, வந்தது மூணு. அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் அம்மாவை அடக்கம் செய்ய வந்தவர்கள். பீவர்ஸ் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூணா?" என்று ஹெய்க் மெதுவாகத் திரும்பக் கேட்டார், நான் மாற்றிச் சொல்லட்டும் என்றுதான் கேட்டார். எனக்கு எங்கிருந்து அந்தப் பிடிவாதம் வந்ததோ, "மூணுதான்யா, எழுதிக்கோ" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "மூணு பேர்னா மிஞ்சினதுன்னு எப்படிப்பா சொல்றது? மூணு பேர் தின்ன வேண்டியதைத்தானே நீ வாசல்ல வித்துட்டிருக்க?" என்றார். அப்புறம் அவரே ஒரு வழி பண்ணினார். ஒரு படிவத்தை எடுத்துக் கொடுத்து, வீட்டில் உள்ளவர்கள் எண்ணிக்கையை எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சனிக்கிழமைக்குள் தரச் சொன்னார். காகிதத்தில் என்ன இருக்கிறதோ அதன்படி முடிவு, தராவிட்டால் மாதக் கடைசியில் துண்டை விட்டுவிட வேண்டும்.

படிவம் மூன்று நாளாகச் சமையலறை மேசையில் கிடந்தது. எனக்கு என் மேல் கோபம், எதற்கு வெறும் பந்தல் கொம்பும் மண்ணும் இருக்கிற இடத்துக்காக இப்படிக் கிடந்து தவிக்கிறோம் என்று. உன் மேலும் கோபம் வந்தது, மறைப்பானேன். அம்மாவை மட்டும் எடுத்துவிட்டு, நீயும் நானும் இரண்டு பேர் என்று எழுதினால் என்ன என்று தோன்றியது. இரண்டு பேருக்கும் அது அதிகம்தான், ஹெய்க் ஒத்துக்கொள்வார். எழுதுவதற்கு முன் நீ போட்ட கடிதங்களை எடுத்துப் படித்தேன், அம்மா எல்லாவற்றையும் வருஷவாரியாகக் கட்டி வைத்திருக்கிறாள். பதினோரு வருஷமும் கடைசிப் பாராவில் அடுத்த வருஷம் இங்கேயே வந்துவிடுவோம் என்று எழுதியிருக்கிறாய். மாப்பிள்ளைக்கு அங்கே சொந்தப் பட்டறை, ரூத்துக்கு அங்கே பள்ளிக்கூடம், நீ கட்டிய வீடு அங்கே. நீ பொய் சொன்னாய் என்று சொல்லவில்லை, அம்மா மனசு ஆறட்டும் என்று எழுதினாய். அவளுக்கும் அது தெரியும் என்றே நினைக்கிறேன். தெரிந்துதான் இரண்டு வரிசை கூட எழுதியிருக்கிறாள். அவளோடு வாழ்ந்த எனக்கு அது இந்த வாரம்தான் புரிந்தது.

இன்று காலை ஒன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நேரே ஹெய்க்கிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பிரித்துக்கூடப் பார்க்காமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "போய் மேசையைப் போடு" என்றார். துண்டு நமக்கே. சந்தோஷப்பட வேண்டியதுதான், ஆனால் தோட்டத்துக்குப் போய் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து அழுதுவிட்டேன். மார்ச்சில்கூட நான் அப்படி அழவில்லை. அந்த நேரம் பார்த்தா பீவர்ஸ் வர வேண்டும்? பார்க்காத மாதிரி மேசைப் பக்கம் நின்றுகொண்டு, "பீன்ஸ் இருக்கா? ரெண்டு பவுண்டு போடு" என்றார். அவர் பந்தலில் பீன்ஸ் சடை சடையாகத் தொங்குகிறது. போட்டுக் கொடுத்தேன், காசை வைத்துவிட்டுப் போனார்.

மாரியன், இதைக் கோபத்தில் எழுதுவதாக நினைக்காதே, கோபமெல்லாம் சமையலறை மேசையோடு போய்விட்டது. இனிமேல் அடுத்த வருஷம் என்று எனக்கு எழுத வேண்டாம். நீ அதை யாருக்காக எழுதினாயோ அவள் இல்லை. இந்த வீட்டில் நான் ஒருவன் மட்டும்தான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன், அதை நான் பழகிக்கொள்ள வேண்டும். நீ விருந்தாளியாக வா, ரூத்தையும் கூட்டிக்கொண்டு வா, எத்தனை நாள் முடியுமோ அத்தனை நாள் இரு, போகும்போது நான் அழமாட்டேன் என்று மட்டும் சத்தியம் செய்ய முடியாது. உன் வீடு அங்கேதான், அங்கே நிம்மதியாக இரு. குற்ற உணர்ச்சி வேண்டாம், பட்டது போதும்.

அங்கே இப்போது குளிர் விட்டு இளவெயில் வந்திருக்கும், ஆனாலும் ரூத்தைக் காலையில் கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே விடாதே. மாப்பிள்ளையை முதுகு வலியோடு பாரம் தூக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். எனக்கு எதுவும் வாங்கி அனுப்பாதே, இருப்பதே அதிகம். நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், கடவுள் உங்களைக் காப்பாற்றட்டும்.

ஒன்றை மட்டும் மறக்காதே. இது கைக்குக் கிடைத்த பிறகு ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது இதைப் பற்றி எதுவும் கேட்டுவிடாதே. எழுதத்தான் முடிந்தது, இன்னும் வாயால் சொல்ல வரவில்லை.

என்றும் அன்புள்ள,
உன் அப்பா
வில்ஃப்ரெட் ஓல்ட்ராய்ட்