வெள்ளிக்கிழமை கழுவிய வாசல்

வெள்ளவத்தை,
ஏப்ரல் 28.

அன்பின் வினோவுக்கு,

போனில் எதைக் கேட்டாலும் “ஓம், ஓம்” என்று சமாளிக்கிறீர்கள். அதுதான் எழுதுகிறேன். நீங்கள் வேலை செய்யும் நாட்டில் அணுஉலை வெடித்து இரண்டு கிழமை. வீடு வெளியேற்றும் எல்லைக்குள் இருந்தால்தான் கம்பனி லீவு தருமாமே! உலையைச் சுற்றி இருபது கிலோமீற்றர் வட்டம் கீறினார்களாம், நீங்கள் இருப்பது இருபத்தெட்டில். கோடு எங்கே என்று காற்றுக்குத் தெரியுமா? மயூரி “அப்பா எப்ப வாறார்?” என்று கேட்பதையும் விட்டுவிட்டாள். எனக்கும் அலுத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை வாசலைக் கழுவி மஞ்சள் தண்ணீராவது தெளியுங்கோ. நான் இங்கே அடுக்குமாடியில் பொதுக் கொரிடோரையே கழுவி வாட்ச்சரிடம் பேச்சு வாங்குகிறேன்.

உங்கள் உஷாந்தி

மே 13.

அன்பின் உஷா,

நீர் சொன்னபடி வெள்ளிக்கிழமை கழுவினேன். மஞ்சள்தான் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண், ஏழு மாதக் கர்ப்பிணி, பார்த்துச் சிரித்தாள்.

இப்போது வட்டத்தை மட்டும் நம்புவதில்லை. காற்றும் மழையும் போன பக்கமெல்லாம் அளந்து, அங்கேயே இருந்தால் வருடத்துக்கு எவ்வளவு கதிர் உடம்பில் ஏறும் என்று பார்த்து எல்லையை நீட்டுகிறார்கள். எங்கள் ஒழுங்கையில் உள்ள எல்லா வீடுகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு அளவு. சனிக்கிழமை என் வாசலில் எடுத்தார்கள். வெளியேற்றும் அளவை விட மட்டுமட்டாகக் குறைவு. ஒழுங்கையில் எவரும் வெளியேறத் தேவையில்லையாம். என் லீவும் போய்விட்டது. களைப்பாக இருக்கிறது.

உமது வினோதன்

வெள்ளவத்தை,
மே 20.

வினோ,

வெள்ளி கழுவினீர்கள், சனி அளந்தார்கள். மண்ணில் விழுந்ததைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போயிருக்காதா? கழுவச் சொன்ன பாவி நான்தான். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. உடனே போய்ச் சொல்லுங்கோ. உங்களுக்காக மட்டும் இல்லை, அந்தப் பிள்ளைத்தாய்ச்சிக்காகவும்.

உஷாந்தி

மே 28.

அன்பின் உஷா,

பாவி நீர் இல்லை. அளக்க வந்தவன் “வாசலைக் கழுவினீர்களா?” என்று கேட்டான். கழுவக்கூடாது என்று அறிவித்தல் ஒட்டியிருந்தது. பிறநாட்டுக்காரன் என்ற பயத்தில் இல்லை என்றேன். உமக்கும் அதை மறைத்தேன்.

நேற்றுப் போய் உண்மையைச் சொன்னேன். வீடு வீடாகத் திரும்ப அளந்தார்கள். பக்கத்து வீட்டுக் கூரைத் தண்ணீர் விழும் இடத்தில், என் வாசலில் எடுத்ததைப்போல நாலு மடங்கு. பின்னேரத்துக்குள் ஒழுங்கையே காலி. எனக்கு லீவு கிடைத்துவிட்டது, வியாழக்கிழமை வருகிறேன். மயூரியிடம் சொல்லும்.

அந்தப் பெண் பத்தொன்பது நாள் வீணாக அங்கே இருந்திருக்கிறாள். பஸ் ஏறும்போது எனக்குக் கை காட்டிச் சிரித்தாள். அது என் பொய்யால் என்று அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை, உஷா. நானும் சொல்லவில்லை.

வினோதன்