கழற்றாமல் பார்த்த பியூஸ்

ஔந்த், புனே
12.10.1999

அன்புள்ள வடிவுக்கு,

நான் நலம். உன் முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறாயா?

இங்கே கேம் கடையில் ஒரு பின்பால் மெஷின் படுத்துவிட்டது. விளக்கெல்லாம் எரிகிறது, குண்டைத் தட்டும் கைகள் மட்டும் அசையவில்லை. பியூஸில் மல்டிமீட்டரை வைத்தேன், 'பீப்' என்றது. பியூஸ் நல்லதுதான் என்று அந்தக் கைகளை இழுக்கும் காயில்களையெல்லாம் பிரித்துப் போட்டேன்.

"காகா, பியூஸைக் கழற்றிப் பாருங்கள்" என்றார் முதலாளி பாட்டீல். இங்கே பெரியவர்களைக் காகா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மீட்டர் பொய் சொல்லாது சேட்."

"அப்படியானால் நீங்கள்தான் பொய் சொல்கிறீர்கள்!" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார்.

நேற்று அவர் இல்லாதபோது கழற்றி அளந்தேன். சத்தமே இல்லை. பியூஸ் போயிருந்தது. மாட்டியபடியே அளந்ததால் மீட்டர் வேறு வயர் வழியாகச் சுற்றிப் பீப் அடித்திருக்கிறது. புதியது போட்டேன், ஓடுகிறது. அவரிடம் காயில் கோளாறு என்று சொல்லிவிட்டேன்.

சிரித்தவரிடம் போய்த் தீபாவளிக்கு லீவு கேட்க மாட்டேன். ஆனால் அறையில் இருப்புக் கொள்ளவில்லை. நீ கடைக்கு ஒரு தந்தி கொடு, 'உடனே புறப்பட்டு வரவும்' என்று. நோய் என்று போடாதே, விசேஷம் என்று போடு. நான் சொல்லித்தான் கொடுத்தாய் என்று யாருக்கும் தெரிய வேண்டாம். கடிதம் கிடைத்த அன்றே கொடு, ரயில் டிக்கெட் தீர்ந்துவிடும்.

கல்யாணசுந்தரம்