பார்த்ததைச் சொன்னால் போதும்

சேலம்,
21.7.2025

அன்புள்ள ஜோதிக்கு,

"ஒரே நாள்ல ரெண்டு பேரையும் வெளியே அனுப்புனாங்க. உங்களுக்கு வேலை போனதுக்கு உதவித்தொகை வருது, எனக்கு மட்டும் ஏனுங்கக்கா வரல?" என்று நேற்று பஸ்ஸில் கேட்டாய். நீ ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாய், நான் போடவில்லை. தானாக விலகியவர்களுக்கு அந்தத் தொகை கிடையாது. விதி அவ்வளவுதான் சொல்கிறது. சேர்ந்த அன்றே ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டிவைத்த கல்லூரி, கையெழுத்துப் போட்டால்தான் திருப்பித் தருவோம் என்றது விதிக்குத் தெரியாது. உன்னிடம் சான்றிதழ் இருக்கிறது, வருமானம் இல்லை. எனக்கு மூன்று மாதம் பணம் வரும், பட்டமோ அவர்கள் பீரோவில்.

மேட்டூர் மீன்கடைக்காரர், "ரெண்டு டீச்சரம்மாவுக்கு ஒரே தட்டுங்களா? டயட்டுங்களா?" என்றதும் சிரித்தாய். நான் காசு கொடுத்ததும் முகம் மாறிவிட்டது. அடுத்த ஞாயிறு மீன் வேண்டாம், பூங்காவில் உட்கார்ந்துவிட்டு வருவோம். வீட்டில் எனக்கு ஞாயிறும் புதனும் ஒன்றுதான். அங்கே கூட்டத்தோடு இருந்தால் நாமும் விடுமுறைக்கு வந்தவர்கள் மாதிரி இருக்கிறது.

உன் போனுக்கு ரீசார்ஜ் செய்யட்டுமா என்று கேட்டால் கோபித்துக்கொள்வாய். அதனால்தான் கடிதம்.

அன்புடன்,
தஸ்னீம்


புதுச்சத்திரம்,
25.7.2025

அன்புள்ள தஸ்னீம் அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. கோபம் உங்கள் மேல் இல்லை அக்கா.

இந்த ஞாயிறு வர முடியாது. பக்கத்துக் கோழிப்பண்ணையில் முட்டை அடுக்கப் போகிறேன். ஞாயிறென்றால் கூலி கொஞ்சம் கூட. ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவை பிடித்த கை, இதுவரை ஒரு முட்டைகூட உடையவில்லை. என் வீட்டுக்காரர் வேலைக்குப் போன போர்வெல் ரிக் வண்டி வடக்கே மழையில் நிற்கிறது. அவர் பணம் அனுப்பி இரண்டு மாதம் ஆகிறது.

மறுபடியும் உதவித்தொகை அலுவலகத்துக்குப் போனேன். "ஏனுங்கம்மா, நீங்களே வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு, இப்ப வேலை போயிருச்சுன்னா எப்படிங்க?" என்றார் அங்கிருந்தவர். "ஒரிஜினலுக்காகத்தானுங்க போட்டேன்" என்றேன். "பாத்தவங்க யாராச்சும் இருந்தா கூட்டிட்டு வாங்க" என்றார். வெள்ளிக்கிழமை, ஒன்றாம் தேதி விசாரணை.

அன்று அந்த அறையில் என் பக்கத்து நாற்காலியில் இருந்தது நீங்கள் ஒருவர்தான். பார்த்ததைச் சொன்னால் போதும். உங்கள் சான்றிதழ் இன்னும் அவர்களிடம் இருக்கிறதே என்று இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். வேறு யாரைக் கேட்பது?

அவசரம் என்றால் பக்கத்து வீட்டு சத்யபிரியாவைக் கூப்பிடுங்கள். அவள் நம்பர் உங்களிடம் இருக்கிறது.

உங்கள்,
ஜோதி


சேலம்,
30.7.2025

அன்புள்ள ஜோதிக்கு,

மூன்று நாள் யோசித்தேன். ராசிபுரத்தில் ஒரு பள்ளியில் நூலகர் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மாதக் கடைசிக்குள் ஒரிஜினல் காட்ட வேண்டும். இந்த வயதில் என்னை இன்னொரு இடத்தில் கூப்பிடுவார்கள் என்று நான் நம்பவில்லை.

ஆனாலும், மேலாளர் வேலுமணி பீரோ சாவியை மேஜையில் தட்டிக்கொண்டே, "போட்டாத்தான் ஒரிஜினல். இல்லைன்னா நடையக் கட்டுங்க" என்றதை நான் கேட்டேன். நீ அழுததையும் பார்த்தேன். பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

வெள்ளிக்கிழமை வருகிறேன். இது உன் கைக்கு வருவதற்குள் நாளே வந்துவிடலாம். நாளைக் காலை சத்யபிரியாவுக்குப் போன் செய்து சொல்லிவிடுகிறேன்.

31.7.2025

காலையில் போனை எடுத்தபோது வேலுமணியே கூப்பிட்டார். "மேடம், உங்க ஒரிஜினல் எடுத்து வெச்சிருக்கனுங்க. வந்து வாங்கிக்கோங்க." விசாரணைக்கு அவர்களையும் அழைத்திருப்பார்கள் போலிருக்கிறது.

போனேன். சான்றிதழ் உறையின் மேல் ஒரு தாள் இருந்தது. யாரையும் வற்புறுத்திக் கையெழுத்து வாங்கியதை நான் பார்க்கவில்லை என்று என் பெயரில் தட்டச்சு செய்திருந்தார்கள். இரண்டு முறை படித்தேன். வேலுமணி பேனாவை நீட்டினார். நான் என் பேனாவாலேயே கையெழுத்துப் போட்டேன். மதியம் ராசிபுரம் போய்ச் சான்றிதழைக் காட்டினேன். திங்கட்கிழமை சேரச் சொன்னார்கள்.

நாளை நான் வரமாட்டேன். இந்தக் கடிதம் விசாரணை முடிந்த பிறகுதான் உனக்குக் கிடைக்கும். சத்யபிரியாவை நான் கூப்பிடவில்லை.

தஸ்னீம்