இறுகாத ரெசினில் ஒரு பொன்வண்டு

ஜூன் 3
பொன்வண்டை இன்று அச்சில் வைத்து, கண்ணாடிபோல் இறுகும் ரெசினை ஊற்றினேன். அக்கா மகள் பாப்பா தீப்பெட்டியில் போட்டு வளர்த்த வண்டு. அவள் காய்ச்சலில் போன பிறகு, அக்கா அதை அலமாரியில் கண்டெடுத்தாள். ஒரு கால் இல்லை. பச்சை மட்டும் அப்படியே மின்னுகிறது. "கீசெயின்ல பூவெல்லாம் போட்டு விக்கிறியே, இதையும் கண்ணாடி மாதிரி பண்ணிக் குடுடா" என்றாள். மகள் போனதிலிருந்து அவள் வாய் திறந்து கேட்டது இது ஒன்றுதான்.

ஜூன் 4
பிசுபிசுப்பு. நாளைக்குச் சரியாகிவிடும்.

ஜூன் 6
சரியாகவில்லை. விரல் வைத்தால் விரலோடு வருகிறது. அட்டைப்பெட்டிக்குள் குண்டு பல்பை எரியவிட்டுச் சூடு காட்டினேன். மனைவி எட்டிப் பார்த்து, "என்ன, குஞ்சு பொரிக்க வச்சிருக்கீங்களா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 9
ரெசின் கடைக்காரருக்குப் போன் செய்தேன். ரெசினையும் அதை இறுகவைக்கும் திரவத்தையும் கலந்த அளவு சரியா என்றார். சரி. நன்றாகக் கலக்கினீர்களா? கலக்கினேன்.

"கடைசில கப்போட ஓரத்தையெல்லாம் வழிச்சு ஊத்துனீங்களா?"

ஊற்றினேன். குச்சியால் வழித்து, வண்டின் தலைமேலேயே.

"அங்கதாங்க கலக்காத ரெசின் ஒட்டிட்டிருக்கும். அது என்னைக்கும் இறுகாது."

விற்கிற சாமானுக்கு நான் கப்பை வழிப்பதே கிடையாது. இது பாப்பாவோடது, ஒரு சொட்டுகூட வீணாப் போகக் கூடாதுன்னு நினைச்சேன் — நினைச்சு என்ன? நாசமாப் போச்சு.

ஜூன் 10
பிசுக்கைச் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, புதிதாகக் கலந்து மேலே ஒரு பூச்சு ஊற்றச் சொல்லியிருக்கிறார். சுரண்டினேன். வண்டின் மீசை ஒன்று கத்தியோடு வந்துவிட்டது. அதோடு நிறுத்திவிட்டேன். இதுக்கெல்லாம் நான் லாயக்கா?

ஜூன் 15
தொடவில்லை.

ஜூன் 18
அக்காவே வந்து எடுத்துப் போய்விட்டாள். "இன்னும் காயலக்கா, கைல ஒட்டும்" என்றேன். பரவாயில்லை என்றாள். மீசையைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. பார்த்திருப்பாள்.

ஜூலை 12
மேல் பூச்சாவது ஊற்றிவிடலாம் என்று இரண்டு பாட்டில்களையும் புதுக் கப்பையும் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். சன்னலோரம் உட்கார்ந்து, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் வண்டின் மேல் ஒட்டிய தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தினமும் ஒட்டுமாம், தினமும் துடைப்பாளாம். பாப்பாவைப் பள்ளிக்குக் கிளப்பிவிடுகிற நேரம் அது.

"குடுக்கா, இப்பவே சரி பண்ணிடறேன். அப்புறம் துடைக்கவே வேண்டாம்."

கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "துடைக்க வேண்டாம்னா, காலைல எந்திரிச்சு நான் என்னடா பண்ணுவேன்?"

கொண்டுபோனதைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை. கிளம்பும்போது, பஞ்சு தீரப் போகிறது, அடுத்த முறை வரும்போது வாங்கி வா என்றாள்.